குடைக் கடைக்கு ரெண்டு மார்க்

ஒரு பொருளை முழுசாகப் பார்க்காமலே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்காக எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு பிரேக் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இருநூறு உருப்படி உள்ள பெட்டி வந்தால் எட்டை எடுத்து அளந்து பார்ப்பேன். எட்டும் சரியென்றால் பெட்டி முழுக்கச் சரி. எட்டில் ஒன்று சொதப்பினாலும் பெட்டியே திரும்பிப் போகும். இரும்புக்கு இது போதும். இதே புத்தியோடு மனுஷர்கள் நடுவிலும் காலம் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

வீடு திருவள்ளூரில். கம்பெனி பஸ்ஸில் ஒரு வழிக்கு ஒண்ணேகால் மணி நேரம். அந்த நேரத்தில்தான் அனிமே பார்ப்பேன். (ஜப்பான்காரர்கள் வரைந்து எடுக்கும் தொடர்கள். எங்கள் அம்மாவுக்கு எல்லாமே பொம்ம படம்தான்.) ஓர் எபிசோடு இருபத்து சொச்சம் நிமிஷம். ஊத்துக்கோட்டை ரோடு எவ்வளவு குலுக்கினாலும் ஏறி இறங்குவதற்குள் கணக்காக மூன்று முடிந்துவிடும். அனிமே ரசிகர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தொடரானாலும் மூன்று எபிசோடு பார். பிடித்தால் மேலே போ, பிடிக்காவிட்டால் விட்டுவிடு. யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். பத்துக்கு இத்தனை என்று மார்க் போடும் உரிமை கடைசிவரை பார்த்தவனுக்கு மட்டுமே. நானோ மூன்றைப் பார்த்துவிட்டு மார்க் போட்டேன், நீளமாக விமர்சனம் எழுதினேன், கீழே 'முழுதும் பார்த்தாயிற்று' என்று கையெழுத்தும் போட்டேன். பல தொடர்களுக்கு இப்படிச் செய்தேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

இதெல்லாம் நடந்தது எங்கள் ஜில்லா ரசிகர்கள் போனில் நடத்தும் ஒரு குழுவில். பொன்னேரி, திருத்தணி, ஆவடி என்று பல ஊர்க்காரர்கள் இருந்தோம். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. என் பெயர் 'இரும்புத் தராசு'. (அப்போது ரொம்ப கெத்தாகத் தெரிந்தது. இப்போது சொல்லவே நாக்குக் கூசுகிறது.) குழுவுக்கு ஒரு சட்டம் இருந்தது. இன்னொருவரின் விமர்சனத்தை மறுப்பதென்றால், முதலில் அவர் சொன்னதில் சரியான ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் 'ஆனால்'. எல்லோரும் ஒழுங்காக அப்படியே செய்தார்கள். நான் மட்டும் 'எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள், வாழ்த்துகள். ஆனால்...' என்று ஆரம்பிப்பேன். அதற்குச் சிரிக்கவும் ஒரு கூட்டம் இருந்தது, கேட்க வேண்டுமா?

அந்தச் சமயத்தில் குடை ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு கிழவரைப் பற்றிய தொடர் வந்தது. மொத்தம் பன்னிரண்டு எபிசோடு. முதல் மூன்றில் கிழவர் கம்பியை நிமிர்த்துகிறார், துணியைத் தைக்கிறார், குடையைச் சுவரில் மாட்டுகிறார். சண்டை இல்லை, சாமி இல்லை, பூதம் இல்லை. நான் ரெண்டு மார்க் போட்டு இப்படி எழுதினேன்: 'ரிப்பேர் ஆன குடையை வாங்கிப் போக ஒருத்தனும் வரவில்லை. கதைக்கு வாடிக்கையாளர் வேண்டும் என்பதையே டைரக்டர் மறந்துவிட்டார்.' குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அதில் பாதிப் பேர் தொடரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

'அரைடிக்கெட்' என்ற பெயரில் ஒருவர் மட்டும் சட்டப்படி பதில் போட்டார். 'முதல் மூன்று எபிசோடு மெதுவாகப் போகிறது என்று தராசு சொன்னது சரி. ஆனால் நான் பத்துக்குப் பத்து கொடுத்தேன். நாலாவதிலிருந்து மீதியும் பார்த்தீர்களா?' நான் கொஞ்சமும் கூசாமல் எழுதினேன்: 'முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன் நண்பரே.' அவர் நம்பிவிட்டார்.

அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு. பதினோரு வீட்டில் பெண் பார்த்தும் எதுவும் கூடிவரவில்லை. பன்னிரண்டாவதாகத் திருநின்றவூரிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பெண்ணின் பெயர் சங்கீதா. தினமும் ரயிலேறி சென்னையில் வேலைக்குப் போகிறாள். அம்மா தவறி ஒரு வருஷம் ஆகிறது, வீட்டில் அப்பாவும் பெண்ணும்தான். போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. (வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கு அந்த வீட்டு மாப்பிள்ளை.) ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, அக்கா, நான் மூவரும் மின்சார ரயிலில் போய் இறங்கினோம்.

கேசரியை அவள் அப்பாவே கிண்டியிருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தட்டை நீட்டிக்கொண்டே, "எப்டி கீது தம்பி? மொத தடவ செய்றேன்" என்று கேட்டார். ஒரு ஸ்பூன் வாயில் போட்டேன். "ஏழு குடுக்கலாம் சார். முந்திரி ஒரே பக்கமா தேங்கிடுச்சி" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் இருந்தது.

சமாளிக்க அக்கா முந்திக்கொண்டாள். "அவன் அப்டித்தான் சார், எதுனா ஒண்ணுன்னா மார்க்கு போடுவான். போன்ல ரிவ்யூ எழுதுறான், 'இரும்புத் தராசு'ன்னு பேரு, அவ்ளோ பேரு படிக்கிறாங்க."

காப்பித் தட்டோடு வந்த சங்கீதா அப்படியே நின்றுவிட்டாள். "தராசா? நீங்களா?"

"இன்னாம்மா, தெரிஞ்சவரா?" என்றார் அப்பா.

"எழுத்துல தெரியும்ப்பா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், பதினோரு வீட்டில் ஒரு பெண்கூட என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. 'ரெண்டு பேரும் பேசட்டுமே' என்று பெரியவர்கள் எங்களை மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள்.

"நான்தாங்க அரைடிக்கெட்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பொம்ம படமா என்று கேட்காத ஒருத்தி, அதிலும் என் எழுத்தைப் படித்தவள், அதிலும் ஜாதகம் பொருந்தியவள்! மனசுக்குள் பத்திரிகையே அடித்துவிட்டேன்.

"உங்கள ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்திச்சி" என்றாள். "அந்தக் குடைக் கடைய முழுசா பாத்துட்டும் ஒருத்தருக்குப் புடிக்கலன்னா, ஏன்னு நான் தெரிஞ்சிக்கணும். சண்டைக்கு இல்லங்க. எனக்கு ஏன் பத்துன்னு சொல்லிடுறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க."

சொன்னாள். "அம்மா ஆஸ்பத்திரில இருக்கசொல்லோ அவங்க மூக்குக்கண்ணாடி ஒடஞ்சிடுச்சி. அப்பா கடைல குடுத்திருந்தாரு. அம்மா போயி ஒரு மாசம் கழிச்சி கடைக்காரரு போன் பண்றாரு, ரெடியாயிடுச்சி சார், வந்து வாங்கிக்கங்கன்னு. அப்பாவும் போயி வாங்கிகினு வந்தாரு. யாருக்குன்னு வாங்கினாரு சொல்லுங்க? அந்த வாரந்தான் நான் நாலாவது எபிசோடு பாத்தேன்."

மூளை உள்ளவன் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க மாட்டான். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"புரியிதுங்க. ஆனா சொந்த சமாச்சாரத்த உள்ள கொண்டாந்தா மார்க்கு தானா ஏறிடும். ரிவ்யூன்னா அத்த கழிச்சிட்டுப் பாக்கணும்."

இதை நான் சொன்னேன். தாயில்லாத ஒரு பெண்ணிடம், அவள் வீட்டு மொட்டைமாடியில் நின்றுகொண்டு, அவள் அப்பா கிண்டிய கேசரியின் நெய் கையில் இன்னும் காயாதபோது சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"இருக்கலாம். அப்ப கடைசி எபிசோடும் உங்கள ஒண்ணும் பண்லியா?"

"இன்னா பண்ணும்? கடைசி வரிக்கும் குடைய வாங்கிகினு போவ ஒருத்தரும் வர்லியே. அதான என் பாயிண்டே!"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கடைசில ஒரு பொண்ணு வருதுங்க" என்றாள் மெதுவாக. "அந்தக் குடைக்காரங்க எல்லாம் செத்துப் போனவங்க. நாலாவதுலயே அது தெரிஞ்சிடும். அதான் யாரும் வர்ல. கடைசில அந்தப் பொண்ணு அவங்கப்பா குடைய வாங்க வருது. எபிசோடு முழுக்க அது ஒண்ணுதான்."

ஒப்புக்கொண்டிருக்கலாம். அப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கலாம்! "ஆங், அதத்தான் நானும் சொல்றேன்" என்றேன். "ரொம்ப லேட்டா வர்றா."

"எத்தினி பாத்தீங்க?"

"மூணு."

"நீங்க சொன்னதுல ஒண்ணு சரிங்க" என்றாள். அந்த நிலைமையிலும் குழுவின் சட்டத்தை அவள் மறக்கவில்லை. "மொத மூணும் மெதுவாத்தான் போவுது. ஆனா, புடிக்கலன்னு சொல்லியிருந்தா பேச்சே இல்ல. மூணு பாத்தேன், வுட்டுட்டேன்னு எழுதியிருந்தாலும் பேச்சில்ல. பாத்தேன்னு இன்னாத்துக்கு சொன்னீங்க? நானே ஒரு தடவ கேட்டேனே."

நாலு பேர் சிரிப்பதற்காக என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கீழே இறங்கி வந்தோம். போன மானத்தை மீட்கிறேன் பேர்வழி என்று அவள் அப்பாவிடம், "கேசரி பிரமாதம் சார், முழுசா சாப்ட்டேன்" என்றேன். அவர் ஸ்டூலைக் காட்டினார். "தட்டு அப்டியே கீதே தம்பி."

மறுநாள் சாயங்காலம் அவர் அக்காவுக்குப் போன் செய்தார். மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். பையன் நல்ல பையன், வேலை நல்ல வேலை, ஆனால் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்கிறாராம், மகளுக்கு ஒத்துவரவில்லை, மன்னிக்க வேண்டும் என்று.

"டேய், இன்னாத்தடா பாக்கல நீ?" என்று கேட்டாள் அக்கா. விஷயத்தைச் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பொம்ம படத்துக்காடா? ஒரு பொம்ம படத்துக்கா இந்த சம்மந்தம் போச்சி?"

மறுநாள் காலை பஸ்ஸில் நாலாவது எபிசோடைப் போட்டேன். பெரியபாளையம் வருவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த வெல்டர் பதறிப்போய், "இன்னா நைனா, ஊட்ல எதுனா ஆயிடுச்சா?" என்று கேட்டார். "குடைய வாங்க யாரும் வர மாட்டாங்கண்ணே" என்றேன். அவர் அன்றிலிருந்து வேறு சீட்டில் உட்காருகிறார்.

பன்னிரண்டையும் முடித்துவிட்டுக் குழுவில் எழுதினேன். மூன்று பார்த்துவிட்டு மார்க் போட்டதை ஒப்புக்கொண்டேன், மன்னிப்புக் கேட்டேன், ரெண்டை அழித்து ஒன்பது போட்டேன். சிரித்த கூட்டத்தில் ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து அரைடிக்கெட்டிடமிருந்து பதில் வந்தது. போனை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். 'தராசு திருத்தி எழுதியது நல்ல விஷயம். ஆனால் ஒன்பது அதிகம். மறுபடி பார்த்தேன், நடுவில் இரண்டு எபிசோடு இழுவைதான். இப்போது எட்டுதான் கொடுப்பேன்.' அவ்வளவுதான். யாரோ ஒரு தராசுக்கு யாரோ ஒரு அரைடிக்கெட் எழுதிய பதில். அதில் கோபமாவது இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தேடினேன், அதுகூட இல்லை.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்குக் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. அவர் அனிமே பார்ப்பாரா என்று குழுவில் யாரோ கேட்டதற்கு அவள் எழுதினாள்: 'பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுகிறார். ஆனால் தூங்கிவிட்டேன் என்று மறுநாள் சொல்லிவிடுகிறார்.' எல்லோரும் இதயம் போட்டார்கள். நானும் போட்டேன், வேறென்ன செய்ய?

எனக்கு இப்போது முப்பத்தாறு. இன்னும் ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணம் காதுகுத்து எதிலும் என் கதை இல்லாமல் பந்தி முடிவதில்லை. போன மாதம்கூட அக்கா வீட்டுக்காரர் புதுச் சொந்தக்காரர்களிடம் என் தோளைத் தட்டி, "இவுருதான், பொம்ம படத்த பாதி பாத்துட்டுப் பொண்ண வுட்டவரு" என்று அறிமுகப்படுத்தினார். இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டார். பாதி இல்லை, பன்னிரண்டில் மூன்று, கால்வாசிதான். நான் திருத்தவில்லை.