புரொபசரின் காலும் உயர்மட்டக் குழுவும்

நெருப்பைக் கண்டுபிடித்தது யாரோ. சக்கரத்தைக் கண்டுபிடித்தது யாரோ. ஒரு குதிரையை நடக்க வைக்க உயர்மட்டக் குழு தேவை என்று கண்டுபிடித்தது எங்கள் குதிரையேற்றக் கழகம்தான். இதைக் கழகத்தின் துணைச் செயலாளர் என்ற முறையில் நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறேன். துணைச் செயலாளருக்குக் கூட்டத்தில் நாற்காலி உண்டு, ஓட்டு கிடையாது.

குதிரையை நாங்கள் 'புரொபசர்' என்போம். பழுப்பு நிறம், நீண்ட மூஞ்சி, யார் என்ன சொன்னாலும் சட்டென்று ஒப்புக்கொள்ளாத பார்வை. புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களை அதன் முதுகில்தான் ஏற்றுவோம். பயந்தவர்களை அது கீழே போட்டதே இல்லை. திமிர் பிடித்தவர்களைப் பற்றி உறுதி கூறுவதற்கில்லை.

அதன் கால் பழுதானது ஒரு புகைப்படத்தால். எங்கள் தலைவர் மெத்தைத் தொழிற்சாலை நடத்துபவர். கழகத்தின் மலருக்கு அட்டைப்படம் தேவைப்பட்டபோது, தொழிற்சாலைக்கும் விளம்பரமாகட்டும் என்று, மைதானத்தின் நடுவே தம்முடைய இரட்டை மெத்தை ஒன்றை நிமிர்த்தி வைத்து, புரொபசர் மேல் அமர்ந்து அதைத் தாண்டுவதாக முடிவு செய்தார். கூட்டங்களில் அவரை 'கனம் தலைவர் அவர்களே' என்றுதான் விளிப்போம். அந்தச் சொல்லின் முழுப் பொருளையும் அன்று புரொபசர் உணர்ந்தது. தாண்டிவிட்டது. ஆனால் தரையில் ஊன்றியபோது வலது முன்னங்கால் மடங்கியது. தலைவர் பின்பக்கமாகச் சரிந்து, நின்ற மெத்தையைச் சாய்த்துக்கொண்டு அதன் மேலேயே விழுந்தார். மெத்தையின் தரம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று.

"குதிரைக்கு ஈடுபாடே இல்லய்யா," என்றார், படுத்தபடியே.

கழகத்தின் கால்நடை மருத்துவர் என் அக்கா. நான் அவளுக்குத் தம்பி என்பதால்தான் அவள் இங்கே வருகிறாள் என்று சிலரும், அவள் எனக்கு அக்கா என்பதால்தான் நான் இங்கே இருக்கிறேன் என்று பலரும் பேசிக்கொள்வதுண்டு. அவள் வந்து மண்டியிட்டு, முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் விரலால் மெல்லத் தடவினாள். புரொபசர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. பிறகு கருவி வைத்துப் படம் பிடித்துப் பார்த்தாள்.

"தசைநாண் கிழிஞ்சிருக்கு. முழுசா அறுந்து போகல. பிழைச்சுது," என்றாள்.

"சரியாயிடுமா அக்கா?"

"அவசரப்படலேன்னா ஆகும். உள்ள இருக்கிற நாரெல்லாம் வரிசையா சேரணும்டா. சும்மா கட்டிப்போட்டா சிக்கல் சிக்கலா சேரும். ஓடவிட்டா மறுபடி கிழியும். அதனால முதல்ல ஓய்வு. அப்புறம் கையில பிடிச்சு நடை. கெட்டித் தரையில, நேரா, மெதுவா. கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டணும். மாசக்கணக்குல ஆகும்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. நடக்க வைங்க. நடக்க மட்டும் வைங்க."

இதைக் கழகத்தில் தெரிவித்ததும் உறுப்பினர்களுக்குப் பெருத்த ஏமாற்றம். நடப்பதா? அதைத் தெருவில் எல்லாரும் செய்கிறார்களே! தலைவர் மேசையைத் தட்டினார். "இது சாதாரணக் குதிரை இல்ல. கழகத்தோட குதிரை. அது சும்மா நடந்தா நமக்கு என்ன மரியாதை?" அன்று மாலையே 'பணிமீட்பு உயர்மட்டக் குழு' பிறந்தது. முதல் கூட்டத்தில் 'நடை' என்ற சொல் நீக்கப்பட்டு 'படிநிலை முன்னகர்வு' என்ற சொல் ஏற்கப்பட்டது. இரண்டாவது கூட்டம், குதிரை முன்னகர்கிறதா அல்லது முன்னகர்த்தப்படுகிறதா என்ற கேள்வியில் கசப்பாக முடிந்தது.

மூன்றாவது கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். ஆண்டு விழாவுக்குள் புரொபசர் வேலைக்குத் திரும்பாவிட்டால் அதற்குக் 'கௌரவ ஓய்வு' அளிக்கப்படும். கௌரவ ஓய்வு பெற்ற குதிரைகளை ஒரு லாரி வந்து ஏற்றிப்போகும். அவை பிறகு யார் கண்ணிலும் பட்டதில்லை. அவ்வளவு கௌரவமான ஓய்வு அது.

அக்காவிடம் சொன்னேன்.

"காலையில சீக்கிரம் கிளம்பி வா," என்றாள். "நீதான் கயிறு பிடிக்கிற."

"நானா? எனக்குக் குதிரைன்னா..."

"குதிரையேற்றக் கழகத்துல வேலை பார்க்கிற! வெளிய சொல்லாதடா, சிரிப்பாங்க."

இதற்கிடையே குழுவும் சும்மா இருக்கவில்லை. மனவளக் கலைஞர் ஒருவர் ஆலோசகராக நியமிக்கப்பட்டார். அலுவலகங்களில் சோர்ந்துபோன ஊழியர்களைக் கைதட்ட வைத்து உற்சாகப்படுத்துபவர். குதிரைக்குக் கைதட்ட வராது என்பதை ஒரு சவாலாகவே எடுத்துக்கொண்டார். லாயத்தின் வாடை தம் 'அலைவரிசை'க்கு ஒத்துவராது என்பதால், வகுப்புகள் கைபேசி மூலமே நடந்தன. கைபேசியைப் புரொபசரின் காதருகே பிடித்திருப்பது என் பொறுப்பு.

"கண்ணை மூடிக்குங்க புரொபசர்," என்றது கைபேசி. "மனசுக்குள்ள ஓடுங்க. காத்து முகத்துல அடிக்குது. உங்களால முடியும். சொல்லுங்க, முடியும்!"

புரொபசர் கண்ணை மூடியது. கீழுதடு தொங்கியது. 

"என்ன சார் பண்றாரு?"

"தூங்குது சார்."

"தூக்கம் இல்ல. ஆழ்நிலை. முதல் வகுப்புலயே ஆழ்நிலைக்குப் போறவங்க ரொம்ப அபூர்வம்!"

அடுத்து, காலடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கினார்கள். குதிரையின் காலுக்கு அதன் வார் எட்டவில்லை. ஆகவே ஆலோசகர் அதைத் தம் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, புரொபசரின் 'சார்பில்' தினமும் பூங்காவைச் சுற்றி வந்தார். குழுவின் கூட்டத்தில் வரைபடம் காட்டப்பட்டது. முன்னேற்றம் பிரமாதம். பயனாளிக்குத் தொப்பை குறைந்திருந்தது, மூச்சிரைப்பு நின்றிருந்தது. தலைவர் கண் கலங்கிவிட்டார்.

இந்த மகத்தான பணிகளுக்கு இடையூறு இல்லாமல், அக்காவும் நானும் காலைகளில் குதிரையை நடத்தினோம்.

லாயத்திலிருந்து பிரதான வாசல் வரை தார் போட்ட பாதை. நான் கயிற்றைப் பிடித்து முன்னே, அக்கா பக்கவாட்டில் காலையே பார்த்தபடி. முதலில் எனக்கு முதுகெல்லாம் கூசும். பின்னால் அத்தனை பெரிய உடம்பு மூச்சு விடுகிறதே! போகப் போக அந்த மூச்சு பிடரியில் படாவிட்டால் ஏதோ குறைவது போல் ஆயிற்று. வீட்டில் நான் சொல்வதை யாரும் முழுதாகக் கேட்பதில்லை. புரொபசர் கேட்கும். மறுப்பு இருந்தால் மூக்கால் தெரிவிக்கும்.

ஆனால் நீண்ட நாள் அடைந்து கிடந்த குதிரை, உடம்பு முழுக்க வெடிமருந்து. ஒரு நாள் பாதையோரம் மணல் குவியலை மூடியிருந்த பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடவென்று எழுந்தது. புரொபசர் முன்னங்கால்களைத் தூக்கி வானத்தைப் பார்த்தது. நானும் வானத்தைப் பார்த்தேன், ஆனால் மல்லாந்து.

"கயித்த விடாதடா!" அக்கா கத்தினாள்.

"நான் எங்க பிடிச்சிருக்கேன்? அது என்னைப் பிடிச்சிருக்கு, அக்கா!"

குட்டையிலும் செடிவேலியிலுமாக என்னை இழுத்துப் போய், தண்ணீர்த் தொட்டி அருகே தானாகவே நின்றது. கயிறு என் கையில்தான் இருந்தது. உள்ளங்கைத் தோல்தான் இல்லை. அக்கா என்னைத் தாண்டி ஓடிக் குதிரையின் காலைப் பிடித்தாள். கூடப்பிறந்தவன் சேற்றில் கிடக்கிறேன்!

"இப்ப ஒண்ணும் தெரியாது. மறுபடி கிழிஞ்சிருந்தா நாளைக்குள்ள வீங்கும், சூடேறும்," என்றாள்.

மறுநாள் காலை இருவரும் லாயத்துக்குள் போனோம். அக்கா மண்டியிட்டு உள்ளங்கையைக் காலில் வைத்தாள். மற்ற காலில் வைத்தாள். திரும்ப இதில் வைத்தாள்.

"சூடு இல்லடா," என்றாள். அப்புறம் அந்தக் காலிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. புரொபசர் குனிந்து அவள் தலைமுடியை மென்று பார்த்தது.

மாதங்கள் ஓடின. நாங்கள் ஓடவில்லை, அதுதான் சிகிச்சை. அக்கா மறுபடி படம் பிடித்துப் பார்த்தாள். பிறகு சேணம் பூட்டி, அவளே ஏறி நடத்தினாள். ஒல்லி உடம்பு, குதிரைக்குப் பாரமில்லை. பிறகு வாசலை நோக்கி நேராகச் சிறிது மெல்லோட்டம்.

ஆண்டு விழா வந்தது. தலைவர் சவாரி உடையில் வந்து நின்றார். மைதானத்தின் நடுவே புதிய மெத்தை ஒன்றும் நின்றது.

"நானே ஏறி வந்து, இதைத் தாண்டி, மேடைக்கு முன்னால இறங்குறேன்," என்றார்.

அக்கா குறுக்கே வந்தாள். "தாண்டவே கூடாது சார். இன்னும் அந்தக் கட்டம் வரல. நேரா மெல்லோட்டம் மட்டும்தான். அதுவும் கனமானவங்க ஏறக்கூடாது."

"நான் கனம்தானேம்மா? அதனாலதான் ஏறணும்!"

அக்காவின் முகம் சிவந்தது. அவள் வாயைத் திறக்கும் முன் நான் தலைவரின் காதோரம் போனேன். "ஐயா, ஒரு சின்ன விஷயம். நீங்க குதிரையில வந்தா, எல்லாரும் குதிரையைத்தான் பார்ப்பாங்க. நீங்க மேடையில நின்னு, குதிரை உங்க முன்னால வந்து நின்னா?"

தலைவர் யோசித்தார். "எனக்கு வணக்கம் சொல்ற மாதிரி இருக்குமா?"

"படத்துல அப்படித்தான் விழும், ஐயா."

மெத்தை அகற்றப்பட்டது. அக்கா புரொபசர் மேல் ஏறி வந்தாள். கூட்டம் அடங்கியது. டக், டக், டக், டக். நான்கு காலும் ஒரே சீராக ஒலித்தன. ஒரு தட்டுக்கூடத் தயங்கவில்லை. லாரி இனி வராது.

தலைவர் நீண்ட உரையாற்றினார். குழுவின் தொலைநோக்கு, ஆலோசகரின் தவம், கடிகாரத்தின் துல்லியம், எல்லாவற்றுக்கும் கைதட்டல். பிறகு இறங்கி வந்து, 'மீண்டெழுந்த கால்' ஒன்றில் பட்டு ரிப்பன் கட்டினார். ஒளி மின்னியது.

"எந்தக் கால் சார் அடிபட்டது?" என்று கேட்டார் ஒரு நிருபர்.

தலைவர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் குழுவைப் பார்த்தார். குழு குதிரையைப் பார்த்தது. அங்கேயே அவசரக் கூட்டம் கூடியது. ரிப்பன் இடது காலில் கட்டப்பட்டுவிட்டது, அவிழ்த்தால் நன்றாக இருக்காது என்று ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டினார். அடிபட்டது இடது காலே என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"வலது கால் சார்!" அக்கா சேணத்தின் மேலிருந்தே கத்தினாள். "இத்தனை மாசமா நான் கையில வச்சுப் பார்த்த கால்!"

தலைவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அப்ப நீங்க இத்தனை மாசமா தப்பான காலுக்கு வைத்தியம் பார்த்திருக்கீங்க, டாக்டர்."

ஆலோசகர் துள்ளி எழுந்தார். "சார், யோசிச்சுப் பாருங்க! இடது காலுக்கு யாருமே வைத்தியம் பார்க்கல. ஆனா குணமாயிடுச்சு. எதனால? நம்மளாலதான்!"

மைதானம் அதிர்ந்தது. குழுவினர் அனைவருக்கும் பதக்கம் அணிவிக்கப்பட்டது. அக்காவுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது, கருணையோடு.

மருத்துவ உலகம் இனி எங்கள் கழகத்திடம் பாடம் கேட்கட்டும். வைத்தியம் ஒரு காலுக்கு, குணம் இன்னொரு காலுக்கு, பதக்கம் மட்டும் லாயத்துக்குள் ஒரு நாளும் கால் வைக்காதவர்களுக்கு.