பாட்டு முடியும் வரை கதவு திறக்காது

அன்று வான் வண்டிக்குள் இருந்தவர்கள்: பின்னால் செபமாலையுடன் கிளாரா அன்ரி, தலைக்கு ஜெல் பூசிய யோகன், நடுவில் நசுங்கியபடி நான். ஸ்டியரிங்கில் ‘முதல் அல்பம்’ அண்ணை. அவருக்குப் பக்கத்துச் சீற்றில், பெல்ற் போட்டபடி, ஒரு பெரிய ஸ்பீக்கர்.

பூமியில் இதுவரை வெளிவந்த அல்பம் ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் சத்தம் என்று நம்பிய ஒரே யாழ்ப்பாணத்தான் அவர். அது ஓர் ஆங்கிலேய ரொக் குழுவின் முதல் அல்பம். குழுவின் பெயரைக் கேட்டால், “முதல் அல்பம் எண்டால் போதும்” என்பார். அதனால் கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் அவருடைய சொந்தப் பெயரும் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

“புரோக் ரொக், அதுதான் உந்த நீட்டுப் பாட்டுகள், செத்துப் போச்செண்டு எல்லாரும் கைகழுவேக்கை, இவங்கள் வந்து எழுப்பினவங்கள். அதுதான் நியோ புரோக்” என்று ஒருநாள் விளக்கினார்.

“மூண்டாம் நாளோ?” என்று கேட்டார் கிளாரா அன்ரி.

இரண்டாவது அல்பத்தை அவர் கேட்டதே இல்லை. கேட்காமலே வெறுத்தார். “ரேடியோவுக்காகப் பாட்டை நறுக்கிப் போட்டாங்களாம். நறுக்கிறதுக்கு அதென்ன புடலங்காயோ?”

முதல் அல்பத்தில் அந்த அபாயம் இல்லை. கடைசிப் பாட்டு மட்டும் இருபது நிமிடம். ஒரு வெளிச்சவீட்டுக் காவலாளியின் கதை. பாட்டுக்காரன் வாய் திறப்பதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிடலாம். யாரோ புத்தி கெட்டு ஒரு பிறந்தநாள் விழாவில் பாட்டுப் பொறுப்பை அண்ணையிடம் கொடுத்தார்கள். ட்ரம்ஸ் ஓயும்வரை கேக் வெட்டக் கூடாது என்றுவிட்டார். மெழுகுதிரி கேக்கோடு கேக்காகக் கரைந்தது. பிறந்தநாள்காரப் பிள்ளை நித்திரையாகிவிட்டது.

ஒஷாவாவில் கார்ப் பாகங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்கு அவருடைய வானில்தான் போனோம், அவருக்கும் அங்கேதான் வேலை. வான் காசு கிழமைக்கு நாற்பது டொலர். எல்லாரும் ஏறியபின் அல்பம் தொடங்கும். அது முடியாமல் ஒருவரும் இறங்க முடியாது, ஏனென்றால் பின்கதவு உள்ளிருந்து திறக்காது. அண்ணைதான் இறங்கி வந்து திறக்க வேண்டும். திருத்தச் சொன்னால், “என்னத்துக்கு? வடிவா வேலை செய்யுதே” என்பார்.

எனக்கு அப்போது புரோபேஷன் காலம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வேறு வேலைக்குக் காட்ட ஒரு கடதாசி கிடையாது. ஏற்கெனவே இரண்டு தடவை லேட்: ஒன்று ஸ்னோவால், மற்றது வெளிச்சவீட்டால். மூன்றாவது தடவை லேட்டாக வந்தால் வரவுக் கார்டை அடிக்காமல் அப்படியே வீட்டுக்குப் போகலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

அன்று யோகன் ஜெல் பூசி முடிக்கத் தாமதம். அல்பமும் தாமதமாகத் தொடங்கிற்று. றோட்டு வெறிச்சோடிக் கிடந்தது, பறந்து வந்தோம். வேலையிடத்து வாசலில் நின்றபோது வெளிச்சவீடு அப்போதுதான் தொடங்கியிருந்தது. கார்டு அடிக்க இன்னும் ஐந்து நிமிடம்தான் இருந்தது.

“அண்ணை, கதவைத் திறவுங்கோ.”

“முடியட்டும்.”

“உந்தப் பாட்டு முடியிறதுக்குள்ள நான் விட்பியில வீடு வாங்கிக் குடிபூந்திடுவன்” என்றான் யோகன்.

“தம்பி, நான் செபமாலையையே அரைவாசியில நிப்பாட்டுறன். உன்ரை பாட்டை நிப்பாட்டேலாதோ?”

“அன்ரி, அவன் இன்னும் விளக்கையே ஏத்தேல்லை. இருட்டுக்குள்ள விட்டிட்டுப் போகச் சொல்லுறியளோ?”

நான் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்தபடி, திறக்காதென்று தெரிந்தும் கதவுப்பிடியை எட்டி இழுத்தேன். அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார். தகப்பனிடம் மன்னிப்புக் கேட்கிறவர் போல அதில் ஒருமுறை கையை வைத்தார்.

நிறுத்தினார்.

அந்த வானுக்குள் அப்படி ஓர் அமைதியை நாங்கள் கேட்டதில்லை. இறங்கி வந்து கதவை இழுத்தார். “ஓடடா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஓடினேன். கார்டு நேரத்துக்கு விழுந்தது.

அண்ணை வரவில்லை. தேத்தண்ணி பிரேக்குக்குத்தான் உள்ளே வந்தார். ஏன் லேட் என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, “இடையில நிண்டு போச்சு. முதல்லையிருந்து போட வேண்டியதாப் போச்சு” என்றார். வான்தான் நின்றுவிட்டது என்று நினைத்து, புது பற்றரி வாங்கச் சொன்னார் அந்த நல்ல மனிதர். வராத நேரத்துக்குச் சம்பளத்தையும் வெட்டினார்.

வெள்ளிக்கிழமை நான் அந்தக் கிழமை வான் காசை நீட்டினேன். அண்ணை வாங்காமல் கையை இழுத்துக்கொண்டார்.

“உனக்குப் பாட்டு முடியேல்லை. முடியாத பயணத்துக்கு நான் காசு வாங்கிறேல்லை. வந்து மிச்சத்தைக் கேள், பேந்து தா.”

வேலை நிரந்தரமாயிற்று. அண்ணை பென்ஷன் எடுத்துவிட்டார். அஜின்கோர்ட் மரக்கறிக் கடையில் கண்டால் இப்போதும் வெண்டிக்காயை முறித்துப் பார்த்தபடி கேட்பார்: “எப்ப வாறாய்? அவன் அங்கை இருட்டுக்குள்ள நிக்கிறான்.”

“வாறன் அண்ணை” என்பேன். போகமாட்டேன். அவருக்கும் வயது போகிறது. எனக்கு அதுவும் ஒரு பயம். மிச்சப் பாட்டைக் கேட்க ஓர் ஆள் பாக்கி இருக்கும்வரை அந்த மனிதர் எங்கும் போய்விடமாட்டார் என்று ஒரு நினைப்பு. ஆகவே அவருக்கு நான் இன்னும் தர வேண்டியது: நாற்பது டொலர்.