வசுமதி என்றொரு பெண் கிடையாது

பவித்ரன் மாஷைக் கொன்றது சாத்துக்குட்டி நம்பியார்தான் என்று காலைச் சாயா குடித்து முடிப்பதற்குள் ஊர் தீர்மானித்துவிட்டது. ஆயுதம், நாக்கு. நடந்த இடம், எங்கள் ஊர் வாசகசாலை. சாட்சி, ஞாயிற்றுக்கிழமைப் புத்தக விவாதத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும்.

"கொஞ்சம் பார்த்துப் பேசியிருக்கலாம் நம்பியாரேட்டா," என்றான் வாசகசாலைச் செயலாளர் தினேசன்.

"மாரடைப்புக்கு நான் என்னடா பண்ணுவேன்?"

"சாயங்காலம் நீங்க பேசி முடிச்சீங்க. விளக்கு வைக்கிறதுக்குள்ள அவர் முடிஞ்சுட்டார். ஊரு கணக்குப் போடாதா?"

நம்பியார் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஆயுள் முழுக்க அடுத்தவர் எழுதியதில் பிழை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். அந்தக் கை சும்மா இருக்குமா? நாவல்களில் பிழை பார்க்க ஆரம்பித்தார். வாசகசாலையில் அவர் படிக்காத நாவல் இல்லை. சரித்திர நாவல் என்றால் உயிர். ஆனால் அதிலும் சலுகை கிடையாது. குதிரை தண்ணீர் குடிக்காமல் இரண்டு அத்தியாயம் ஓடினால் புத்தகத்தை மூடிவிடுவார். ராஜா செத்து இருநூறு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும், அப்போதுதான் அவரைப் பற்றி எவனாவது உண்மை பேசுவான் என்பார்.

இந்தக் காலத்து நாவல்கள் அவருக்கு ஆகவே ஆகாது. "எவனும் சோறு தின்னமாட்டான். ஜன்னல்கிட்ட நின்னு மழையைப் பார்ப்பான். முந்நூறு பக்கம் பார்ப்பான். கடைசியில மழை நின்னுடும்," என்பார்.

மாதாமாதம் எழுத்தாளரைக் கூப்பிட்டு மேடையில் உட்காரவைத்து, அவர் முன்னாலேயே அவர் புத்தகத்தை அக்கக்காகப் பிரித்துப்போடுவது எங்கள் ஊர் வழக்கம். பிரிப்பவர் நம்பியார். தலச்சேரியிலிருந்து வந்த ஒருவர் அந்த ஒரு மாலையோடு எழுத்தையே விட்டுவிட்டு உரக்கடை வைத்தார். நன்றாக ஓடுகிறது. ஓணத்துக்கு ஓணம் நம்பியாருக்கு வாழ்த்துச் சொல்கிறார்.

பவித்ரன் மாஷ் வெளியாள் இல்லை. நம்பியாரின் சிறுவயதுச் சிநேகிதர், ஓய்வு பெற்ற டிராயிங் வாத்தியார், அறுபது தாண்டி 'உப்புக் காற்றில் ஒரு ஜன்னல்' என்று முதல் நாவல் எழுதியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கும் இன்னொருவன் மனைவி வசுமதிக்கும் வருகிற காதல்தான் கதை.

"எழுத்தாளன் தனக்குத் தெரிஞ்சதை எழுதணும்," என்று ஆரம்பித்தார் நம்பியார் அன்றைக்கு. "நம்ம மாஷுக்குச் சாக்பீஸ் தெரியும். சர்க்கரை வியாதி தெரியும். கள்ளக்காதல் தெரியுமா? இந்த வசுமதி எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்துல இருந்து படிக்கிறாளாம். காக்காயோட சண்டை போடுறாளாம். புருஷன் பேசும்போது மனசுக்குள்ள பாட்டுப் பாடிக்கிட்டு, தலையை மட்டும் ஆட்டுறாளாம். அது அந்த மடையனுக்குத் தெரியவே தெரியாதாம்! நான் சொல்றேன், இப்படி ஒரு புருஷன் கிடையாது. வசுமதின்னு ஒரு பெண் உலகத்துலயே கிடையாது."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மேடையில் இருந்த மாஷும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடிபட்ட மனுஷன் அப்படித்தான் சிரிப்பான் என்று மறுநாள் ஊர் சொன்னது.

சாவு வீட்டில் நம்பியாருக்கு வழிவிட்டார்கள். மரியாதைக்கு விடுகிற வழி இல்லை அது. மாஷின் மனைவி சுலோசனா டீச்சர், கணக்கு டீச்சர், கரும்பலகையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். ஆனால் நம்பியாரை உண்மையில் உடைத்தது வேறு. அவருடைய மனைவி ரோகிணி அங்கே சுவரோரம் உட்கார்ந்து டீச்சரைவிட அதிகமாக அழுதாள். வீட்டுக்கு வந்த பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வரும், கறி வரும், பேச்சு வராது.

இலக்கியத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. விவாதத்துக்கெல்லாம் வரமாட்டாள். அவளே கொலைகாரனோடு குடித்தனம் செய்கிற முகத்தோடு நடமாடுகிறாள் என்றால் ஊரை என்ன சொல்வது? ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும், இவள் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று இருந்தது அவருக்கு.

"அனுதாபக் கூட்டத்துல நான் பேசறேன்டா," என்றார் தினேசனிடம்.

"வேண்டாம் ஏட்டா. செத்தவரை விட்டுடுங்க."

"நல்லது பேசறேன்டா!"

அதே கூடம், அதே நாற்காலிகள். பின்னால் கட்டியிருந்த ஃபிளெக்ஸ்கூட அதே மாஷ் படம்தான், எழுத்து மட்டும் கறுப்பு. நம்பியார் மைக்கைப் பிடித்தார்.

"நான் சொன்னது தப்பு. அந்த நாவல்ல ஒரு வரி பொய் கிடையாது. அனுபவிச்சவன் மட்டும்தான் அப்படி எழுத முடியும். வசுமதி கற்பனை இல்லை. அவ இருக்கா. உயிரோட இருக்கா. மாஷ் அவளைக் காதலிச்சார்!"

கைதட்டல் வரும் என்று நிமிர்ந்தார். ஓர் இருமல்கூட வரவில்லை. முன்வரிசையில் சுலோசனா டீச்சர் எழுந்து நின்றார்.

"தினேசா," என்றார் டீச்சர். "அந்தப் புத்தகத்தை எடு."

கணவர் எழுதியதை அதுவரை டீச்சர் படித்ததே இல்லை. அன்று படித்தார். அவர் மட்டுமா? யாரும் சீண்டாமல் கிடந்த நாவலுக்கு வாசகசாலையில் வரிசை நின்றது. ஊரில் ஐம்பது தாண்டிய பெண்களெல்லாம் சந்தேகத்துக்கு ஆளானார்கள். தபால் ஆபீஸ் லீலாமணி தலையில் பூ வைப்பதை நிறுத்தினாள். நிறுத்தியதாலேயே அவள்தான் என்றார்கள். பல வீடுகளில் காக்காய்க்குச் சோறு வைப்பது நின்றுபோனது.

டீச்சர் அதோடு விடவில்லை. மாஷின் அஸ்தியைக் கடலில் கரைக்க விடமாட்டேன் என்றுவிட்டார். மண்கலசம் வாசல் பலாமரத்தில் தொங்கியது. பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நம்பியார் குடையை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"டீச்சரே, ஒரு தவறு நடந்துபோச்சு. அது இந்தக் காலத்து நாவலே இல்லை. சரித்திர நாவல்."

"அப்படியா?"

"ஆமா. வெள்ளைக்காரன் காலத்துக் கதை. வசுமதி ஒரு நாடுவாழியோட, அதாவது குறுநில ராஜாவோட மனைவி. மாஷ் நாசூக்கா மறைச்சு எழுதியிருக்கார்."

"அந்த நாடுவாழிப் பொண்டாட்டி மொபைலுக்குச் சார்ஜ் போடுறா நம்பியார்."

"அது... காலப்பிழை. அதைத்தான் நான் அன்னிக்கே கண்டிச்சேன்."

"காதலன் சர்க்கரை மாத்திரை போடுறான். என் கையாலதான் போடுறான். மாத்திரை பேரு மொதக்கொண்டு எழுதியிருக்கு." டீச்சர் பலாமரத்தைக் காட்டினார். "அந்த வசுமதி வந்து இறக்கட்டும். அவளே கொண்டுபோய்க் கரைக்கட்டும். நான் தொடமாட்டேன். உலகத்துல இருக்கிற நாவலெல்லாம் படிச்சவர்தானே நீங்க? உயிரோட இருக்கான்னு சொன்னதும் நீங்கதானே? யாரு அவ?"

யார் பெயரைச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நம்பியார் அவசரமாக யோசித்தார். செத்தவர்கள்தான் பாதுகாப்பு. அது சரித்திர நாவல் வாசகர் புத்தி.

"பாட்டு டீச்சர் கல்யாணிக்குட்டி," என்றார். "ஆனா அந்த அம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு. இனிமே கோபப்பட்டு என்ன டீச்சரே?"

மறுநாள் காலை அஸ்தி கடலுக்குப் போனது. காரியம் முடிந்தது என்று நம்பியார் நிம்மதியாகப் புட்டும் கடலையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரோகிணி பரிமாறினாள், பேசவில்லை.

மதியம் வாசலில் ஒரு தடி ஊன்றும் சத்தம். கல்யாணிக்குட்டியின் கணவர், பழைய போலீஸ்காரர் கேளப்பன். எண்பதை நெருங்கியவர். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நம்பியார் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார். கிழவர் அடிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

"காலையில எழுந்து அவ படத்துக்கு முன்னால விளக்கேத்திட்டுத்தான் கட்டன்சாயா குடிப்பேன்," என்றார். "இன்னிக்குப் படத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சுட்டேன். இவ்வளவு படிச்சவர் சொன்னா பொய்யா இருக்காதுன்னு என் மகன் சொல்றான். நீங்களே சொல்லிடுங்க. நான் என்ன பண்ணட்டும்? திருப்பட்டுமா, வேண்டாமா?"

"திருப்புங்க," என்றார் நம்பியார். "கேளப்பன், நான் பொய் சொன்னேன். அவங்க பேரை நான் சும்மா சொன்னேன்."

"என் மனசு நோகும்னு இப்போ பொய் சொல்றீங்க," என்றார் கிழவர். தடியை ஊன்றி எழுந்து போய்விட்டார். அவர் வளைவில் திரும்பும்வரை நம்பியார் பார்த்துக்கொண்டே நின்றார். அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது. லட்சக்கணக்கில் பக்கம் படித்த மனுஷன் ஒரு கிழவருக்குச் சொல்லும்படி ஒரு வாக்கியம் இல்லாமல் நின்றார்.

உள்ளே வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தார். ரோகிணி மத்தி கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீயும் என்னைக் கொலைகாரன்னுதான் நினைக்கிற," என்றார். "நினைச்சுக்கோ. அவனைக் கொன்னேன். செத்துப்போன ஒருத்தியை ரெண்டாவது தடவை கொன்னேன். இப்போ அந்தக் கிழவரையும் கொன்னுக்கிட்டிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை மைக்கைப் பிடிச்சு ஊர் முன்னால ஒத்துக்கப் போறேன். முதல் நாள் நான் சொன்னதுதான் உண்மை. வசுமதின்னு ஒருத்தி கிடையவே கிடையாது."

ரோகிணி மீனைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"கேளப்பனேட்டன்கிட்ட நான் போய்ச் சொல்லிக்கிறேன். டீச்சர்கிட்டயும் நானே சொல்றேன். நீங்க ஞாயித்துக்கிழமை வாயைத் திறக்க வேண்டாம்," என்றாள்.

இத்தனை நாள் கழித்து அவள் பேசியதில் நம்பியாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "நீ என்னத்தைச் சொல்லுவ? நீ அந்தப் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும் ரோகிணி. என் பேச்சுதான் அவனைக் கொன்னுதா?"

"ஆமா," என்றாள் ரோகிணி. "அன்னிக்கு நீங்க சாயாக்கடையில பாராட்டு வாங்கிக்கிட்டு இருந்தப்போ எனக்குப் போன் பண்ணி, 'இத்தனை வருஷம் கூட இருந்தும் அந்த மனுஷனுக்கு உன்னை அடையாளம் தெரியலையே'ன்னு சிரிக்க ஆரம்பிச்சவர்தான், சிரிச்சு முடிக்கவே இல்ல."