மூழ்கக்கூடாத மன்னர்

மலைகளுக்கு அந்தப் பக்கம், வரைபடம் வரைந்தவர்கள் கை வலித்து நிறுத்திய இடத்தில், மகிழ்நாடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பே மன்னர் மகிழ்வேந்தர் ஓர் ஆணை பிறப்பித்துக் குறைகள் அனைத்தையும் நீக்கிவிட்டார். ஆணை போய்ச் சேராத ஊர்களில் மட்டும் அவை மிச்சமிருந்தன.

அப்படியோர் ஊர் நெட்டோடை. இரண்டாயிரம் பேர், ஒரு சந்தை, ஒரு பள்ளிக்கூடம். வைத்தியசாலை ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. கோடையில் ஆறு முழங்கால் அளவுதான். வேட்டியை மடித்துக் கட்டினால் கடந்துவிடலாம். ஐப்பசி பிறந்துவிட்டால் மூன்று மாதத்துக்கு யாரும் இறங்க முடியாது. அந்த இடத்தில் பாலம் கட்டி முடிக்கப்பட்டதாக அரசின் ஏடுகளில் எழுதியிருந்தது. அதனால் பாலம் கேட்டு மனுப் போடவும் வழியில்லை.

நெட்டோடைக்காரர்கள் இதற்காக அழுதுகொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு சித்திரையிலும் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் சந்தைத் திடலில் கோடை விழா நடத்துவார்கள். பலகாரக் கடைகள் இருக்கும், கயிறு இழுப்பு இருக்கும், பானை உடைப்பு இருக்கும். சுற்று வட்டார ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டம் வரும். அதில் சேரும் பணத்தைக் கொண்டு ஊருக்கு ஒரு நல்ல காரியம் செய்வார்கள். ஒரு வருடம் கிணறு தூர் வாரினார்கள். இன்னொரு வருடம் பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றினார்கள்.

இதை முதலில் ஆரம்பித்தவள் பூவாத்தாள். சந்தை முனையில் பணியாரம் சுட்டு விற்பவள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவள் கரண்டியை நீட்டிக் காட்டிய திசையில் ஊர் நடக்கும். இந்த ஆண்டு விழாப் பணத்தில் ஒரு படகு வாங்குவதென்று அவள் முடிவு செய்திருந்தாள். போன மழையில் பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணைக் கதவுப் பலகையில் படுக்க வைத்து, எட்டுப் பேர் நீந்தி இழுத்துக்கொண்டு போனார்கள். குழந்தை நடு ஆற்றிலேயே பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்ததை ஊரே அதிசயமாகப் பேசியது. பூவாத்தாளுக்கு அதிசயங்களை நம்பி இருக்க விருப்பமில்லை. அவளுடைய மகள் மரகதத்துக்கு ஐப்பசியில் நாள் குறித்திருந்தார்கள்.

திடலின் வாசலில் ‘படகு வாங்க நிதி திரட்டும் கோடை விழா’ என்று பலகை எழுதி வைத்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. அந்த வழியாகப் போன தபால்காரர் ஒருவர் படித்துவிட்டுத் தலைநகரில் போய்ச் சொன்னார். மூன்றாம் நாள் விழாத்துறை அமைச்சர் கீர்த்திவாசகர் பன்னிரண்டு வண்டிகளோடு நெட்டோடைக்கு வந்து இறங்கினார்.

பலகையை அவர் இரண்டு முறை படித்தார். பிறகு பூவாத்தாளைப் பார்த்தார்.

“இதைப் படிப்பவர்களுக்கு இந்த ஊரில் படகு இல்லை என்ற எண்ணம் ஏற்படுகிறதே?”

“படகு இல்லீங்கய்யா. அதனாலதான் எழுதிப் போட்டோம்.”

“இல்லை என்பது செய்தி அல்ல, அம்மா. அது ஒரு மனநிலை. மாமன்னர் அதை நீக்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.”

விழாவை அவர் தடை செய்யவில்லை. மன்னர் மகிழ்ச்சிக்கு எதிரானவர் அல்லர் என்றும், ஆனால் கேட்பாரற்றுத் திரியும் மகிழ்ச்சியை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றும் விளக்கினார். அன்று முதல் கோடை விழாவை அரசு ஏற்று நடத்தும். பலகையை இறக்கி, ‘படகு இருக்கும் மகிழ்ச்சியில் மாமன்னர் பெருவிழா’ என்று எழுதி மாட்டினார்கள். ஊர்க்காரர்கள் அதன் கீழே நின்று, தங்களிடம் இருக்கும் படகு எப்படிப்பட்டதாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள்.

வண்டிகளில் இரண்டு மட்டும் மிக நீளமானவை. ஒன்றில் மன்னரின் மர உருவம் வந்தது. கழுத்து முதல் பாதம் வரை இருபத்தைந்து அடி. மற்றொன்றில் தலை தனியாக வந்தது. வேங்கை மரம், முதுகுப்பக்கம் குடைந்து எடை குறைத்திருந்தார்கள். தலையை உடலோடு ஆறு இரும்பு ஆணிகளால் முடுக்கித் திடலின் வாசலில் நிறுத்தியபோது, மன்னர் மீசைக்குக் கீழே லேசாகப் புன்னகைத்தபடி ஆற்றைப் பார்த்தார். ஊரில் மர வேலை செய்யும் ஒண்டிமுத்து பக்கத்தில் போய் உருவத்தின் இடுப்பில் விரலால் தட்டிப் பார்த்தார். நல்ல வைரம் பாய்ந்த மரம் என்று மட்டும் சொன்னார். அரச உருவத்தைத் தட்டியதற்காகக் காவலர்கள் அவரை எச்சரித்தார்கள்.

சனிக்கிழமை விழா தொடங்கியது. கயிறு இழுப்பில் ஒரு பக்கத்துக்கு அரசர் அணி என்று பெயர் வைத்தார்கள். அரசர் அணியை எதிர்த்து இழுப்பது ராஜத்துரோகம் என்பதால் எதிர்ப்பக்கம் நிற்க ஆள் கிடைக்கவில்லை. அமைச்சர் யோசித்து, இரண்டு அணிகளையும் ஒரே பக்கம் நின்று இழுக்கச் சொன்னார். நாற்பது பேரும் சேர்ந்து இழுத்து, சேர்ந்து மல்லாக்க விழுந்தார்கள். வெற்றி ஒருமனதானது என்று முரசறைந்து அறிவித்தார்கள். மூன்று பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவர்களைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து வைத்தியசாலைக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சிறந்த பலகாரத்துக்கு வாக்கெடுப்பு. ஒவ்வொரு வருடமும் பூவாத்தாளின் பணியாரமும் சோமாசிக் கடைக்காரரின் சோமாசியும் கடைசிவரை மோதும். பாதி ஊர் சண்டை போட்டுக்கொண்டு வாக்களிக்கும். அதுதான் விழாவின் உச்சம். இந்த முறை மக்கள் வெயிலில் நிற்க வேண்டாம் என்ற கருணையினால் வாக்குகளை முன்கூட்டியே எண்ணிவிட்டிருந்தார்கள். அமைச்சரின் சமையல்காரர் கிண்டிய அல்வா மூவாயிரத்து நூறு வாக்குகள் பெற்றது. ஊரில் இருப்பதே இரண்டாயிரம் பேர் என்று சோமாசிக் கடைக்காரர் மெல்ல நினைவுபடுத்தினார். மீதமுள்ளவர்கள் இனிமேல் பிறக்கப்போகும் தலைமுறை என்றும், அவர்களும் அல்வாவைத்தான் விரும்புவார்கள் என்றும் அமைச்சர் பதில் சொன்னார்.

விழாவைக் கண்காணிக்க வந்த முந்நூறு ஊழியர்கள் கடை கடையாகப் போய்ச் சாப்பிட்டார்கள். காசுக்குப் பதிலாக ஒரு நன்றிச் சீட்டு கொடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினார்கள். அப்படியும் சேர்ந்த பணத்தை, மாலையில் அமைச்சர் மேடையேறி, மன்னரின் மர உருவத்துக்கு மக்கள் மனமுவந்து அளித்த காணிக்கை என்று அறிவித்துவிட்டார். உருவத்துக்கு அருகே யாரும் செருப்போடு போகக்கூடாது, அதை ஆணை இல்லாமல் அசைத்தால் சிறை என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

பூவாத்தாள் அடுப்புக் கற்களை எடுத்து அடுக்கினாள். நன்றிச் சீட்டுகள் ஒரு கூடை நிறையக் கிடந்தன. மரகதம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இனி என்னம்மா செய்வது என்று கேட்டாள். பூவாத்தாள் மகளின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு மன்னரைப் பார்த்தாள். அவர் ஆற்றைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதன்பிறகு ஆவணி வரைக்கும் திடல் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனாள்.

புரட்டாசியில் முதல் மழை பெய்தது. ஆற்றுத் தண்ணீர் திடலின் ஓரம் வரை வந்து மன்னரின் பாதத்தை நனைத்துவிட்டுத் திரும்பியது. அன்று ஒண்டிமுத்து பணியாரக் கடைக்கு வந்தார். இரண்டு பணியாரம் தின்று முடித்தார்.

“அக்கா, அந்த உருவத்தோட முதுகப் பாத்திருக்கியா? குடைஞ்சு வெச்சிருக்காங்க. குப்புறப் போட்டா பாதிப் படகு. மீதிப் பாதிய நான் செஞ்சுருவேன்.”

“தொட்டா செயிலுங்கறாங்களே.”

“ஆணை இல்லாம தொட்டாத்தான செயிலு?”

பூவாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அன்றைக்கே பள்ளிக்கூட வாத்தியாரை உட்கார வைத்து ஒரு மனு எழுதச் சொன்னாள். நெட்டோடையில் வெள்ளம் வரவிருக்கிறது. மாமன்னர் திடலிலேயே நின்றால் கழுத்துவரை மூழ்கிவிடுவார் என்று ஊரார் கலங்குகிறார்கள். இது குறித்து அரசின் விருப்பம் என்னவென்று பணிவோடு கேட்கிறோம். இவ்வளவுதான் மனு. படகு என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

தலைநகரில் அந்த மனு பெரிய கலக்கத்தை உண்டாக்கியது. வெள்ளம் என்பது குறையா இல்லையா என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. மன்னர் மூழ்கலாமா என்பதில் மட்டும் விவாதம் இல்லை. பத்தாம் நாள், கீர்த்திவாசகரின் கையெழுத்தோடும் அரச முத்திரையோடும் பதில் வந்தது. வாத்தியார் அதைத் திடலில் நின்று உரக்கப் படித்தார்.

“மாமன்னர் எக்காரணம் கொண்டும் மூழ்கக்கூடாது. எவ்வளவு பெரிய வெள்ளத்திலும் அவர் நீர்மட்டத்துக்கு மேலேயே இருத்தல் வேண்டும். அதற்குத் தேவையான அனைத்தையும் ஊரார் செய்யக் கடவர். தவறினால் ஊர் முழுவதற்கும் சிறை.”

ஊர் முழுவதும் சட்டத்துக்குக் கீழ்ப்படிய ஓடியது. முப்பது பேர் சேர்ந்து மன்னரைப் பக்குவமாகச் சாய்த்துக் குப்புறப் படுக்க வைத்தார்கள். ஒண்டிமுத்து முதுகின் இருபுறமும் பலகை உயர்த்திக் கட்டினார். இடுக்குகளில் பஞ்சு திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றினார். தலைதான் பிரச்சினையாக இருந்தது. அப்படியே விட்டால் மன்னரின் மூக்கு தண்ணீருக்குள் போகும், அது ஆணைக்கு விரோதம். ஆணிகளைக் கழற்றித் தலையை நிமிர்த்தி முன்பக்கத்தில் முடுக்கினார்கள். மன்னர் இப்போது அக்கரையை நோக்கிப் புன்னகைத்தார்.

ஐப்பசி ஒன்பதாம் தேதி நடுப்பகலில் மரகதத்துக்கு வலி கண்டது. மழை விட்டிருந்தது. ஆனால் ஆறு செம்மண் நிறத்தில் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. படகை அதுவரை ஓடைத் தண்ணீரில்தான் விட்டுப் பார்த்திருந்தார்கள். ஒண்டிமுத்துவும் ஐந்து பேரும் துடுப்பும் கழியும் எடுத்துக்கொண்டார்கள். பூவாத்தாள் மகளை ஏற்றிப் பின்னால் தானும் ஏறினாள். எங்கே பிடித்துக்கொள்வது என்று மரகதம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“ராசா தோள்பட்டையப் புடிச்சுக்க,” என்றாள் பூவாத்தாள். “கெட்டியா புடி.”

நடு ஆற்றில் சுழல் படகைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியது. மன்னரின் முகம் நெட்டோடையைப் பார்த்தது, பிறகு தலைநகரத் திசையைப் பார்த்தது. ஆறு பேரும் ஒரே மூச்சில் கழியூன்றித் தள்ளினார்கள். கரையில் நின்ற ஊர் தண்ணீர் விளிம்புவரை இறங்கி வந்தது. மரகதம் மறு கையால் தாயின் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் முன்பக்கம் அக்கரை மணலில் தட்டி நின்றது. வைத்தியசாலைக் கட்டிலில் ஏற்றிய ஒரு நாழிகைக்குள் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தையைப் பார்த்துவிட்டுப் பூவாத்தாள் கரைக்கு இறங்கி வந்தாள். படகு மணலில் கிடந்தது. மன்னரின் கன்னத்தில் சேறு அப்பியிருந்தது. அவள் கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை நனைத்து அந்தச் சேற்றைத் துடைத்துவிட்டாள்.

கார்த்திகையில் அமைச்சர் கீர்த்திவாசகர் ஆணை நிறைவேறியதா என்று பார்க்க வந்தார். அவர் கரையில் நின்றபோது எதிரே மாமன்னர் வந்துகொண்டிருந்தார். அவர் முதுகில் பன்னிரண்டு பேரும், இரண்டு ஆடுகளும், ஒரு கட்டு முருங்கைக் கீரையும் இருந்தன. மீசையில் யாரோ துண்டு காயப் போட்டிருந்தார்கள். காவலர்கள் வாளை உருவினார்கள்.

பூவாத்தாள் ஆணைச் சுருளைக் கொண்டுவந்து நீட்டினாள். அமைச்சர் தன் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். 

“மூழ்கவில்லையே?” என்றார் கடைசியில்.

“ஒரு நாளும் இல்லீங்கய்யா. நீங்க சொன்னபடியே வெச்சிருக்கோம்.”

அமைச்சர் ஊழியரிடம் எழுதச் சொன்னார். அடுத்த வாரம் நாடெங்கும் முரசறைந்தார்கள்: நெட்டோடை மக்களை மாமன்னர் தம் முதுகிலேயே சுமந்து ஆறு கடத்துகிறார். அந்தச் செய்தி எழுத்திலும் எல்லா ஊர்களுக்கும் போனது. எல்லா ஊர்களும் அதை இரண்டு முறை படித்தன.

அதன்பின் அரண்மனைக்கு மனுக்கள் வந்து குவிந்தன. அதுவரை கிணறு, சாலை, மருந்து என்று கேட்டுச் சலிப்பூட்டிய மக்கள் இப்போது மன்னரின் உருவத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஓர் ஊர், நாற்பது அடியில் இரண்டு கைகளையும் நீட்டியபடி, ஓடையின் அகலத்துக்கு மன்னர் வேண்டும் என்றது. மேட்டுப்புலியூர் என்னும் ஊரில் பள்ளிக்கூடம் கூரையில்லாமல் கிடந்தது. மன்னர் படுத்து ஓய்வெடுக்கும் கோலத்தில், முழுக்கத் தகரத்தில், இருபுறமும் சற்றுச் சரிவாக வேண்டும் என்று அந்த ஊரார் அளவோடு எழுதியிருந்தார்கள்.

ஒவ்வொரு மனுவையும் படித்து மன்னர் கண் கலங்கினார். எல்லாவற்றிலும் கையெழுத்திட்டார்.

“அமைச்சரே, என் மக்களுக்கு என்மேல் இத்தனை அன்பு எப்போது வந்தது?” என்று கேட்டார்.

கீர்த்திவாசகர் தலை குனிந்து யோசித்தார்.

“மழை தொடங்கியதிலிருந்து, மன்னா.”