பதின்மூன்றாவது ஆள்

ஆர்ஃபா தன் புருஷனின் பெயரை முதன்முதலில் கேட்டது ஒரு சாவுச் சாப்பாட்டில். அவளுடைய லூலா பெரியம்மாவை அடக்கம் செய்துவிட்டு, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லாரும் கோழியும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கிழவியைக் கொண்டுபோனது நெஞ்சா ஈரலா என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. வைத்தியம் பார்த்த டாக்டர் மூன்றாவது மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. ரட்லிஃப் வீட்டு ஹோபர்ட்டைக் கேளுங்கள், அவன் சொல்லுவான் என்றார்கள். ஹோபர்ட் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஈரல் என்றார். பெரியம்மாவை அவர் உயிரோடு பார்த்ததே கிடையாது. அந்தத் தொண்டைச் செருமலில் மயங்கித்தான் ஆர்ஃபா அவரைக் கட்டிக்கொண்டாள் என்று அவளுடைய தங்கைகள் சொல்வார்கள். அவள் மறுத்ததில்லை.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு அழைப்பு இல்லாமலே பந்தியில் எது வேகவில்லை என்று அறிந்தவர். அடுத்த வீட்டுக்காரர் கிணறு தோண்டி முடித்து மூடியும் போட்ட பிறகு வந்து, பத்தடி தள்ளித் தோண்டியிருக்க வேண்டும் என்பவர். யாரும் கேட்காத கேள்விக்கு விடை வைத்துக்கொண்டு, கேட்க ஆள் தேடி அலைபவர். எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் இந்த இனம் முழு வளர்த்தி அடைந்தது கோர்ட்டின் புண்ணியத்தால்தான். அதனால் நான் வைத்திருக்கும் பெயர், பதின்மூன்றாவது ஆள்.

வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர்தான் ஜூரி. அதற்கு வரச்சொல்லிக் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். காது கேட்கவில்லை என்பார்கள். என் கொழுந்தன் ஒருவன், மாடு கன்று போடப்போகிறது என்று ஒரே மாட்டைச் சொல்லி வருஷக்கணக்காகத் தப்பித்தான். அந்த மாடு செத்த பிறகும் இரண்டு தடவை கன்று போட்டது. ஹோபர்ட் அப்படியில்லை. கடிதம் வந்த அன்றே சாவுக்குப் போடும் கோட்டை எடுத்து இஸ்திரி போடச் சொன்னார்.

குற்றம் சாட்டப்பட்டவன் எல்டன் ஸ்லோன், கூரை வேலை செய்கிற பையன். வேலித் தகராறில் பர்ல் ஸ்டேசியின் புகையிலைக் கொட்டகையைக் கொளுத்தினான் என்பது வழக்கு. எரிந்த கொட்டகைக்குப் பின்னால் எல்டனுடைய மண்ணெண்ணெய் கேன் கிடந்தது. நீங்கள் இவருக்கு உறவா என்று ஜட்ஜ் கேட்டார். எல்டனின் அம்மா லூலா பெரியம்மாவுக்கு மாற்றாந்தாய் வழித் தங்கை. அந்தக் கணக்கில் எல்டன் ஆர்ஃபாவுக்குத் தம்பி, ஹோபர்ட்டுக்கு மச்சினன். ஹோபர்ட் இதை மறைக்கவில்லை. மச்சினன் முறைதான், ஆனால் போக்குவரத்து கிடையாது என்றார். ஜட்ஜ் அதையெல்லாம் பார்த்தால் முடியுமா? உறவுக்காரர்களை எழுப்பி அனுப்பினால் எங்கள் ஊர் ஜூரிப் பெட்டியில் நாற்காலிகள் மட்டும்தான் மிஞ்சும். ஹோபர்ட்டை உட்கார வைத்தார்கள். கடைக்கோடி நாற்காலி.

அந்த விசாரணை நாட்களைப்போல ஆர்ஃபாவின் வாழ்க்கையில் நல்ல நாட்கள் வந்ததில்லை. வழக்கைப் பற்றி வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்று ஜட்ஜ் உத்தரவு. ஹோபர்ட் காலையில் பேசாமல் போவார், கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் சர்க்கார் செலவில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் கடைசியில் ஆப்பிள் பை என்கிற இனிப்பில் ஒரு துண்டும் சாப்பிடுவார், சாயங்காலம் பேசாமல் வருவார். கடிகாரம் ஓடும் சத்தம் தன் வீட்டில் கேட்கும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் உள்ளே, ஹோபர்ட்டின் மண்டைக்குள், பிரசங்கம் தயாராகிக்கொண்டிருந்தது. தீர்ப்பை முடிவு செய்யப் பன்னிரண்டு பேரும் அறைக்குள் போவார்கள், கதவு சாத்தப்படும், எல்லாரும் ஹோபர்ட்டைப் பார்ப்பார்கள், ஹோபர்ட் தொண்டையைச் செருமுவார். எல்லாம் முடிந்து, வக்கீல்கள் பேசி ஓய்ந்து, ஜட்ஜ் ஒரு விஷயம் சொன்னார். பெட்டியில் இருப்பது பதின்மூன்று பேர். யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஆகட்டும் என்று ஒருவரைக் கூடுதலாக வைத்திருந்தது. இப்போது சீட்டு எடுத்து ஒருவரை அனுப்பிவிடுவோம். குமாஸ்தாப் பெண் டப்பாவுக்குள் கையை விட்டாள்.

யார் பெயர் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

உங்கள் சேவைக்கு மிக்க நன்றி, வீட்டுக்குப் போகலாம் என்றார் ஜட்ஜ். சோறு பரிமாறி, பிசைந்து, வாய்க்குக் கொண்டுபோகிற நேரத்தில் இலையை உருவினால் எப்படி இருக்கும்? ஹோபர்ட் வீட்டுக்குப் போகவில்லை. கோர்ட்டு வாசலில் தன் டிரக்கில் ஏறி, அந்த அறையின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இருட்டும் சமயத்தில் பன்னிரண்டு பேரும் வெளியே வந்து, எல்டன் குற்றவாளி இல்லை என்றார்கள்.

மறுநாள் காலையிலேயே பெட்ரோல் பங்கின் காப்பி மேசையில் இரண்டாவது விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

இந்த இனத்தின் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது தெரியுமா? அவர்கள் தீர்ப்புச் சொல்வதே இல்லை. ஹோபர்ட் ஒரு நாளும் எல்டன்தான் கொளுத்தினான் என்று சொன்னது கிடையாது. உப்புக் குப்பியை எடுத்து இது கொட்டகை என்று வைப்பார், மிளகுக் குப்பி எல்டன் வீடு, நடுவே குழம்புக் கிண்ணம் ஓடை. "நான் எதுவும் சொல்லலப்பா. கேட்கிறேன், அவ்வளவுதான். அந்தக் கேனுக்கு அங்க என்ன வேலை?" என்பார். "என்னை மட்டும் உள்ள விட்டிருந்தா..." என்று இழுத்துவிட்டு, குப்பிகளைத் திரும்ப அதனதன் இடத்தில் வைப்பார். அவ்வளவுதான். முடிக்காத வாக்கியத்தைக் கேட்டவன் வீட்டுக்குப் போய் முடித்துக்கொள்வான். முடி வெட்டும் கடை, தீவனக் கடை, சர்ச் வாசல், ஒரு தடவை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டே கூட விசாரணை நடந்தது.

பன்னிரண்டு பேர் விடுதலை செய்தவனை ஒற்றை ஆள் தினமும் கைது செய்துகொண்டிருந்தார். கோர்ட்டில் தப்பித்த எல்டன் ஊரில் மாட்டிக்கொண்டான். கூரை ஒழுகுகிற வீட்டுக்காரர்கள்கூடப் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஆள் கூப்பிட்டார்கள். மார்கழிக் குளிரில் சாத்திய ஏணி வசந்தத்திலும் எல்டன் வீட்டுச் சுவரிலேயே சாய்ந்து கிடந்தது. அவன் பெண்டாட்டி நொரீன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் சமையலறையில் வந்து காலி அட்டைப் பெட்டிகள் கேட்டாள். எதற்கு என்றாள் ஆர்ஃபா. ஒஹையோவில் அண்ணன் இருக்கிறான், ஏதோ பாக்டரியில் சேர்த்துவிடுகிறானாம், மழைக்காலம் முடிவதற்குள் போய்விடுவோம் என்றாள். யார்மேலும் குறை சொல்லவில்லை. ஆர்ஃபாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அதுதான் ஆர்ஃபாவுக்குச் சுட்டது.

ஆர்ஃபா வீட்டிலும் படுக்கையறைக்கு மேலே கூரை ஒழுகியது. எல்டனைக் கூப்பிடலாமா என்று அதற்கு முன் அவள் கேட்டபோதெல்லாம், விசாரித்த ஆளே வழக்கில் இருந்தவனை வேலைக்கு வைக்கலாமா என்று கேட்டுவிட்டு, ஹோபர்ட் வாளியை நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. ஆள் அனுப்பி எல்டனை வரவழைத்தாள். அவன் கூரைமேல் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. இறங்கி வந்தவனைச் சமையலறைக்குள் உட்கார வைத்து, ஹோபர்ட்டையும் கையைப் பிடித்துக் கொண்டுவந்து எதிரே உட்கார வைத்து, கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"உங்களை அறைக்குள்ள விடலைன்னுதானே இத்தனை நாளா புலம்பறீங்க? இதுதான் அறை. இவன்கிட்டயே கேளுங்க. முடிவு தெரியற வரைக்கும் நான் ஒருத்தரையும் வெளிய விடமாட்டேன்."

ஹோபர்ட் அசந்துபோனார். யோசித்துப் பாருங்கள், வழக்கு முழுக்க எல்டன் வாயே திறக்கவில்லை, வக்கீல்தான் பேசினார். அவன் குரலை அவர் கேட்பதே அன்றுதான். பழக்க தோஷத்தில் உப்புக் குப்பியை எடுத்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நான் எதுவும் சொல்லல," என்றார். "கேட்கிறேன், அவ்வளவுதான். அந்தக் கேனுக்கு அங்க என்ன வேலை?"

எல்டன் அவரையே பார்த்தான். "மாமா, குளவிக்கூடு எரிக்கணும்னு கோடையிலேயே பர்ல் வாங்கிட்டுப் போனது அது. திருப்பித் தரவே இல்ல. பர்லோட சொந்த மருமகனே கூண்டில ஏறி அதைச் சொன்னானே."

"எப்பச் சொன்னான்?"

"ரெண்டாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். அவன் சொல்லச் சொல்ல நீங்க எப்படித் தலையாட்டினீங்க. ஒரு தடவை இல்ல, விடாம ஆட்டினீங்க."

இறைச்சி, உருளைக்கிழங்கு, அதன்மேல் ஆப்பிள் பை. ஆர்ஃபாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு அங்க வேற என்ன வேலை?" என்றான் எல்டன். "உங்க பதிமூணு பேர் மூஞ்சியையும்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கிட்டு இருந்தேன். பன்னெண்டும் கல்லு மாதிரி இருந்துச்சு. தலையாட்டினது நீங்க ஒருத்தர்தான். கோடியில இருக்கறவர் நம்ம பக்கம்னு என் வக்கீலே சொன்னாரு. சீட்டில உங்க பேர் வந்தப்ப, போச்சு, நமக்கிருந்த ஒரே ஆளும் போயிட்டாருன்னுதான் நினைச்சேன் மாமா."

இப்போது ஹோபர்ட்டுக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. ஊர்ப் பையனின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்த மத்தியானத்தில் கோர்ட்டில் உட்கார்ந்து தூங்கி வழிந்த ஆள் ஒன்று. ஆரம்பத்திலிருந்தே நியாயத்தைக் கண்டுகொண்ட ஒரே ஆள் இன்னொன்று. நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்? அவர் எல்டனைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார், தன் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"நான் அப்பவே உன் பக்கம்தாண்டா," என்றார். "வெளிய சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

ஆர்ஃபா கதவைத் திறந்துவிட்டாள்.

மழை விட்டதும் எல்டன் ஏணியை எடுக்கப் போனான். ஆர்ஃபா பின்னாலேயே போய், உன் வக்கீல் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா என்று மெதுவாகக் கேட்டாள்.

"சொன்னாரு அக்கா," என்றான் எல்டன், ஏணியின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே. "சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும் ஏன் ஆட்டறாருன்னுதான் அவருக்கு விளங்கல. அப்புறம் விளங்கிடுச்சு போல, அடுத்த நாள்லேருந்து நம்ம முக்கியமான சாட்சியெல்லாம் காலையில வச்சுக்கிட்டாரு."

மறுநாள் பெட்ரோல் பங்கில் மூன்றாவது விசாரணை தொடங்கியது. அதே கொட்டகை, அதே ஓடை. கேன் மட்டும் பர்ல் வீட்டுப் பக்கம் போயிருந்தது. எல்டன் நிரபராதி என்று முதல் நாளே தனக்குத் தெரியும் என்றும், தன்னை மட்டும் உள்ளே விட்டிருந்தால் அந்தப் பன்னிரண்டு பேரும் சாயங்காலம் வரை இழுத்த காரியத்தைக் காப்பி ஆறுவதற்குள் முடித்திருப்பேன் என்றும், முதுகுக்குப் பின்னால் பையனைப் பற்றிப் பேசுகிறவர்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்றும் ஹோபர்ட் சொன்னார். தீவனக் கடைக்காரன் அந்த வாரமே தன் கூரையை எல்டனிடம் கொடுத்தான், பிறகு சர்ச்சும் கொடுத்தது. நொரீன் அட்டைப் பெட்டிகளில் தக்காளி நாற்று வைத்தாள். ஊரில் இப்போது பர்ல் ஸ்டேசியை எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஹோபர்ட் அவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேட்கிறார், அவ்வளவுதான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்களிடம் யாரும் சத்தியம் வாங்கிக்கொண்டு பெட்டிக்குள் உட்கார வைக்கவில்லை. சாட்சிகளை நீங்கள் பார்க்கவில்லை. நான் சொன்னதைத்தான் கேட்டீர்கள், அதிலும் நடுவில் இரண்டு வரி கண் செருகியிருக்கலாம். இருந்தும் அந்தக் கொட்டகையைக் கொளுத்தியது யார் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டீர்கள், இல்லையா? யார் கேட்டது உங்களை?

ஹோபர்ட் ரட்லிஃப் இப்போது பெட்ரோல் பங்கில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருக்கிறார். எதிர் நாற்காலி காலியாக இருக்கிறது.