கறுப்பா, சாம்பலா

'குடும்பத்தில் ஒருவர் பேசுவதை மற்றவர் காதுகொடுத்துக் கேட்பதே இல்வாழ்வின்...' என்று எழுதிய இடத்தில் நிக்மதுல்லா தோம்லாவின் பேனா நின்றுபோயிருந்தது. இல்வாழ்வின் அஸ்திவாரமா, கூரையா என்று அவர் ஒரு முடிவுக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டில் கல் அறுக்கும் இயந்திரம் அலறும். அது ஓய்ந்தால் சமையலறையிலிருந்து மனைவி சலோமத் வருவாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"சலோமத், நான் என்ன எழுதிக்கிட்டிருக்கேன்?"

"காதுகொடுத்துக் கேக்கறதப் பத்தி."

"அதை எழுதி முடிக்கிற வரைக்கும் என்னால எதையும் கேக்க முடியாது."

தோம்லா என்றால் வாத்தியார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தாஷ்கண்டில் அந்தப் பட்டம் ஓய்வு பெறுவதில்லை. ஆனால் பட்டத்துக்கு ஒரு நாற்காலி வேண்டாமா? நகரக் குடும்பநல ஆலோசகர் பதவி காலியாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை கலாசார மன்றத்தில் தோம்லாவின் உரை; கேட்க வருபவர் துணை மேயர். உரை பிடித்துப்போனால் பதவி, காரோடு. அதற்கப்புறம் தோம்லா இன்னொரு கணக்கும் போட்டு வைத்திருந்தார். துணை மேயருக்குத் தங்கை மகன் முறையில் கல்யாணமாகாத மருமகன் ஒருவன் இருந்தான். தோம்லாவுக்குக் கல்யாணமாகாத மகள் ஒருத்தி இருந்தாள். இந்தக் கணக்கை அவர் மகளிடம் சொல்லவில்லை. விடை வந்த பிறகு சொன்னால் போதும் என்பது அவர் கட்சி.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அந்த மகள் மஹ்லியோதான் வழி சொன்னாள்.

"சத்தத்தை விழுங்குற ஹெட்போன் வாங்கிக்கோங்கப்பா. மின்சாதனச் சந்தைல, கடிகாரம் விக்கிற வரிசைக்குப் பின்னாடி, பச்சைக் கதவு போட்ட கடை. வேற கடைக்குப் போயிடாதீங்க. போலியைத் தலையில கட்டிடுவாங்க."

பச்சைக் கதவுக் கடையில் இருந்த இளைஞன் இக்ராம், அவரைப் பார்த்ததும் எழுந்து நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான்.

"வாங்க தோம்லா."

"என்னைத் தெரியுமா உனக்கு?"

"உங்களைத் தெரியாம இருக்க முடியுமா?"

தோம்லாவுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் தோன்றவில்லை.

இக்ராம் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தான். "கறுப்பு, இயந்திரச் சத்தத்தை மட்டும் விழுங்கும். மனுஷக் குரல் உள்ள வரும். சாம்பல், எல்லாத்தையும் விழுங்கிடும். உங்க வீட்ல எந்தச் சத்தம் ஜாஸ்தி?"

"குடும்பம்."

"அப்ப சாம்பல்தான் தோம்லா."

"விலை கூடினதைத்தானே நீ சொல்லுவ."

இக்ராம் கோபித்துக்கொள்ளவில்லை. "ரெண்டையுமே எடுத்துட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க. வேண்டாததைத் திருப்பிக் கொடுத்தாப் போதும், பணம் அப்புறம் பாத்துக்கலாம். எழுதறது காலையிலயா, சாயங்காலமா?"

"சாயங்காலம். தேநீருக்கு அப்புறம். அது உனக்கு எதுக்கு?"

"சும்மா கேட்டேன். சார்ஜ் நிக்கணுமில்ல."

மறுநாள் தோம்லா கறுப்பைப் போட்டார். கல் அறுக்கும் இயந்திரம் ஊரை விட்டே போய்விட்டது. ஆனால் அது போன இடத்தில் சலோமத்தின் குரல் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பையன் தங்கம். வீட்லயும் நல்ல மனுஷங்க. பொண்ணோட அப்பா காதுல எப்படிப் போடறதுன்னுதான் தெரியல."

ஏதோ தொலைக்காட்சித் தொடர் என்று எண்ணிப் பல்லைக் கடித்தபடி சாம்பலுக்கு மாறினார்.

அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. தன் மூச்சே தன்னிடம் அனுமதி கேட்டுவிட்டு வருவதுபோல் இருந்தது. பேனா ஓடியது. 'எதிரில் இருப்பவர் கேட்டதற்குத் தலையசைத்தால் அது வாக்கு. பெண் கேட்டு வந்தவர் முன்னால் தகப்பன் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த ஜோடி ரொட்டியைப் பிட்டுவிட்டால், வானம் இடிந்தாலும் பேச்சு மாறக் கூடாது. இதுவே நம் மரபு.' எழுதிவிட்டுத் தானே ஒருமுறை படித்துப் பார்த்துக் கண் கலங்கினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, அந்தப் பேட்டைக்கே பெரியவரான மஹல்லாத் தலைவரின் முதுகு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன, வந்தவர் போறார்?"

"மூணு தடவை சலாம் சொன்னார்," என்றாள் சலோமத். "நீங்க திரும்பவே இல்ல. முகம் இத்தனூண்டு ஆகிப் போயிட்டார்."

பெரியவரின் சலாமுக்குப் பதில் சொல்லாதவனை அந்தத் தெருவில் நாய்கூட மதிக்காது. அதிலும் வெள்ளிக்கிழமை மேடையில் அவரை அறிமுகப்படுத்திப் பேச இருப்பவரே இந்தத் தலைவர்தான். தோம்லா செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினார்.

தலைவர் மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். ஆனால் கண் தோம்லாவின் கழுத்தில் இருந்தது. கழற்ற மறந்த சாம்பல் ஹெட்போன் அங்கே தொங்கியது.

"அது என்ன கழுத்துல?"

குடும்பத்தின் குரலைக் கேளாமலிருக்க வாங்கியது என்று, காதுகொடுத்துக் கேட்பதைப் பற்றிப் பேசப்போகிறவர் எப்படிச் சொல்வது? "வைத்தியம்," என்றார் தோம்லா. "காதுக்கு."

"அடப் பாவமே. அதான் சலாம் கேக்கலியா. நான்கூடத் தப்பா நினைச்சுட்டேன்."

தலைவர் நல்ல மனுஷர். தோம்லாவை யாரும் தப்பாக நினைக்கக் கூடாதே என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். மறுநாள் காலையில் துணை மேயர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது.

"தோம்லா, உங்களுக்குக் காது கேக்காதாமே?"

"யார் சொன்னது?"

"யார் சொல்லல? ஐயா யோசிக்கிறார். மக்கள் குறையைக் கேக்கற பதவி பாருங்க. இன்னைக்கு விசாரிச்சுட்டு முடிவு பண்றேன்னார்."

தோம்லா தொலைபேசியை வைத்தார். உரையில் இன்னும் முடிவுரை பாக்கி. சாம்பலைப் போட்டால் காது செவிடு என்று ஊர் உறுதி செய்துவிடும். போடாவிட்டால் முடிவுரை வராது. கறுப்பைப் போட்டால் சலோமத் வருவாள்.

முகச்சவரம் செய்யும் சின்னக் கண்ணாடியை மேசைமேல் வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். சாம்பல் ஹெட்போனைப் போட்டு, அது தெரியாமலிருக்க, பனிக்காலத்தில் காதை மூடும் ரோமத் தொப்பியை மேலே கவிழ்த்துக்கொண்டார். வெளியே வாதுமை பூத்துக் கொட்டிக்கொண்டிருந்த வசந்த மாதம் அது.

"யார் வந்தாலும் தடுக்காதே," என்று சலோமத்திடம் சொன்னார். "எனக்குக் காது நல்லாக் கேக்குதுன்னு ஊர் பாக்கட்டும்."

"யார் வந்தாலுமா?"

"யார் வந்தாலும்."

"நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?"

"சலோமத், எனக்கு நேரமில்ல."

தேநீருக்கு அப்புறம் கண்ணாடியில் முகங்கள் தோன்றின. முதலில் மஹல்லாத் தலைவர். பின்னால் முன்பின் தெரியாத மூன்று பெண்கள், பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த முக்காடுகளோடு. விசாரிக்க ஆள் வந்துவிட்டது. துணை மேயர் காதைச் சோதிக்க ஒரு குழுவையே அனுப்பிவிட்டார்.

தோம்லா எழுந்து திரும்பினார். நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். வாசற்பக்கம் தலைவரின் உதடு அசைந்தது. தோம்லா மறுபடி குனிந்தார். பெண்களில் மூத்தவள் நீளமாக ஏதோ சொன்னாள். சொல்லி முடித்ததாகத் தோன்றிய இடத்தில் தோம்லா நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். சலோமத் அருகில் வந்து, அவர் முகத்துக்கு நேராகவே ஏதோ கேட்டாள். இவளையும் சோதனையில் சேர்த்துவிட்டார்களா என்று எண்ணியபடி முன்னிலும் ஆழமாகத் தலையசைத்தார். சலோமத் மறுபடி கேட்டாள். தலையசைத்தார். மறுபடியும் கேட்டாள். இத்தனை கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்கிறவனையா செவிடன் என்கிறார்கள்? மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோதனையில் தேறிவிட்டோம் என்று தோம்லாவுக்கு விளங்கிவிட்டது.

தேறியவர் உடனே முடிவுரைக்குத் திரும்பினார். வார்த்தை நுனி நாக்கில் நின்றது. பக்கவாட்டில் சலோமத்தின் கை ரொட்டியை நீட்டியது. தேநீர் நேரத்தில் ரொட்டியை வீட்டுத் தலைவர் பிட வேண்டும். இதற்குமா என்னை எழுப்புவது என்று கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமலே பிட்டார். வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்தது. மரியாதைக்கு ஒரு பாதியைத் தலைவர் பக்கம் நீட்டினார். தலைவர் கையேந்தித் துஆ செய்வது கண்ணாடியில் தெரிந்ததும், தானும் கையேந்தி முகத்தைத் தடவிக்கொண்டார். எல்லோரும் போய்விட்டார்கள். 'அஸ்திவாரம்' என்று எழுதி உரையை முடித்தார்.

வெள்ளிக்கிழமை மன்றம் நிறைந்திருந்தது. தலையசைப்பும் ஜோடி ரொட்டியும் வந்த இடத்தில் தோம்லா குரலைக் கொஞ்சம் தழுதழுக்க விட்டார். முன்வரிசையில் மஹல்லாத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். அவருக்குப் பின்னால் அந்த மூன்று பெண்களும் எழுந்தார்கள். சோதனைக் குழுவே எழுந்துவிட்டது.

துணை மேயர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமை தோம்லா. பேசறவங்க நிறையப் பேர் இருக்காங்க, அவங்க வீட்டைப் பாத்தாத்தான் தெரியும். வாங்க, உங்க வீட்ல ஒரு கோப்பை தேநீர் குடிச்சுட்டு அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

கார் தெருமுனையில் திரும்பும்போதே ஊதுகுழல் கேட்டது. முற்றத்தில் பெரிய சட்டியில் புலாவ் வெந்துகொண்டிருந்தது. விரிப்பு விரித்திருந்தது. தட்டுத் தட்டாக இனிப்பு. மஹ்லியோ புதுப் பட்டில் நின்றாள். துணை மேயர் வருவது சலோமத்துக்கு எப்படித் தெரிந்தது என்று தோம்லா வியந்துகொண்டிருக்கும்போதே மஹல்லாத் தலைவர் முன்னால் வந்தார்.

"ஐயா, இவர் வாயால சொல்ற ஆள் மட்டும் இல்ல. நேத்துத்தான் பொண்ணு கேட்டு வந்தோம். ஒரு பேரம் இல்ல, ஒரு 'யோசிக்கறேன்' இல்ல. நெஞ்சுல கை வச்சுத் தலையாட்டினார். ஜோடி ரொட்டியை அவர் கையாலயே பிட்டுக் கொடுத்தார். இன்னைக்கு அதையே மேடையில சொன்னார்."

தோம்லா சட்டென்று திரும்பினார். சலோமத்தைப் பார்த்தார்.

"நீங்க ரோமத் தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க," என்றாள் அவள் தாழ்ந்த குரலில். "அதுக்குள்ளயும் கேக்குதான்னு சந்தேகத்துக்கு மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் சரின்னீங்க."

துணை மேயரின் கண் அவர்மேல் இருந்தது. "கேட்டுத்தானே சம்மதிச்சீங்க, தோம்லா?"

கேட்கவில்லை என்றால் செவிடு, பதவி போகும். கேட்டேன் என்றால் துணை மேயரின் மருமகன் போவான். தோம்லாவின் கை நெஞ்சுக்குப் போக வெகுநேரம் பிடித்தது.

"கேட்டேன்," என்றார்.

துணை மேயர் மடிமீதே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் விரிப்பில் உட்கார்ந்தார்கள். கை கழுவத் தண்ணீர்ச் செம்போடு ஓர் இளைஞன் தோம்லாவின் முன் வந்து குனிந்தான். புதுக் கோட்டு, புதுத் தொப்பி. நிமிர்ந்து பார்த்தால் பச்சைக் கதவுக் கடை இக்ராம்.

துணை மேயர் பக்கத்திலேயே இருந்தார். ஹெட்போன் கதை இங்கே அவிழ்ந்தால் மானம் கப்பலேறும். தோம்லா அவன் காதோரம் சாய்ந்தார்.

"இன்னைக்குத்தான் கெடுன்னு ஞாபகம் இருக்குப்பா. விருந்து முடியட்டும். சாம்பலை நான் வச்சுக்கறேன், கறுப்பை எடுத்துட்டுப் போயிடு. இப்பச் சத்தம் போடாதே."

இக்ராம் அவர் கையில் பக்குவமாகத் தண்ணீரை ஊற்றினான்.

"கறுப்பும் இருக்கட்டும், மாமா. அதைச் சும்மா துணைக்குத்தான் கொடுத்தேன். உங்களுக்குச் சாம்பல்தான் சரிப்படும்னு நீங்க கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே மஹ்லியோ சொல்லி வச்சிருந்தா."