கொட்டாவி பற்றிய கடைசிக் கட்டுரை

"அதுக்கப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது, கொட்டாவின்னா என்னன்னு," என்றார் தொலைபேசியில் பெரியவர்.

பாப்பா கைப்பேசியை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். வகுப்பறையில் கொட்டாவி எப்படிப் பரவுகிறது என்று அவர் எழுதிய கட்டுரையின் பிரதி கிடைக்குமா? அதற்குப் பெரியவர் தாம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு ஜெராக்ஸ் மட்டும் கிடைச்சா..."

"ஜெராக்ஸ் எடுத்தவன் எவன்மா படிச்சிருக்கான்? எடுத்ததோட சரி."

பாப்பாவுக்குச் சுருக்கென்றது. அவள் மேசையிலேயே ஜெராக்ஸ் கத்தை கத்தையாகக் கிடந்தது.

முதுகலை படிக்கிற பெண்ணை வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். விடுமுறையில் ஒரு பேராசிரியரிடம் ஆய்வுப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கறார். கொட்டாவியைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதப்போகிறார். அந்த விஷயத்தில் இதுவரை யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பிடித்துத் தருவது பாப்பாவின் வேலை. எல்லாம் கிடைத்துவிட்டது, இந்த ஒன்றைத் தவிர. இதை வெளியிட்ட ஆய்விதழ் அந்த இதழோடு நின்றுபோய்விட்டது. ஏன் நின்றது என்று பாப்பாவுக்கு இப்போது லேசாகப் புரிய ஆரம்பித்தது.

"அது இல்லாம சர்டிபிகேட் கிடையாது," என்று சொல்லித்தான் பெரியவரின் எண்ணைக் கொடுத்திருந்தார் கறார். சான்றிதழ் இல்லையென்றால் பாப்பாவுக்குப் பட்டம் இல்லை. இன்னொரு வருடம் அதே வகுப்பில் போய் உட்கார வேண்டும்.

"கூரியர்ல அனுப்பிடுறீங்களா ஐயா?"

"தொலைச்சிடுவான்."

"அப்போ நானே வந்து வாங்கிக்கட்டுமா?"

"வேணாம் வேணாம். நான் பொண்ணு வீட்ல இருக்கேன், இங்க உக்காந்து பேசத் தோதுப்படாது. விலாசத்தைச் சொல்லு, நானே வரேன்."

விலாசத்தைச் சொன்னாள். அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பெரியவர் சரக்கு வண்டியில் வந்து இறங்கினார். கூடவே மூன்று டிரங்குப் பெட்டிகளும் இறங்கின. அவற்றை வைத்த பிறகு கூடத்தில் மனிதர்கள் பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது.

"இதுல ஒண்ணுலதான் இருக்கு," என்றார்.

"எதுல ஐயா?"

"அது தெரிஞ்சா ஒண்ணை மட்டும்தானே கொண்டாந்திருப்பேன்?"

தேட ஆரம்பித்தார். கையில் வந்த ஒவ்வொரு தாளையும் படித்தார், ரசித்தார், அது பிறந்த கதையைச் சொன்னார். அம்மா பேச்சுக்கு, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்," என்றாள். சாப்பிட்டார். அப்பா பேச்சுக்கு, "இருட்டிடுச்சே, இனிமே எங்க போகப்போறீங்க?" என்றார். தங்கிவிட்டார், பாப்பாவின் அறையில். பாப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குக் குடிபெயர்ந்தாள்.

"ஏண்டி, நீ கட்டுரையைக் கேட்டியா, ஆளையே கேட்டியா?" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

வேலையைச் சீக்கிரம் முடிக்கலாமே என்று அப்பாவை உதவிக்கு அனுப்பினாள் பாப்பா. அப்பா தூக்கமே வராத மனிதர். மாத்திரைக்கும் மசியாதவர். பெரியவர் கொட்டாவியின் வகைகளை விளக்கத் தொடங்கினார். இரண்டாவது வகைக்கு வருவதற்குள் அப்பா பெட்டி மேலேயே சாய்ந்து குறட்டை விட்டார்.

மறுநாள் காலையில் அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது. "எத்தனை வருஷமாச்சு இப்படித் தூங்கி! அவரை அவசரப்படுத்தாத பாப்பா."

விஷயம் பரவியது. பக்கத்து வீட்டுக்காரி அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "கொஞ்ச நேரம் பேசச் சொல்லுங்களேன், புண்ணியமாப் போகும்." பெரியவருக்கு ஒரே சந்தோஷம். இப்படி ஒரு கூட்டம் அவருக்கு வாழ்நாளில் கூடியதில்லை.

பாப்பா நூலகத்துக்கு ஓடினாள். ஒருவேளை அங்கே அந்த இதழ் இருந்தால்?

"அவரா?" என்றார் நூலகர். "ஒரு தடவை இங்க வந்து பேசினாரு. வாட்ச்மேன் உட்பட எல்லாரும் தூங்கிட்டோம். இதழெல்லாம் இல்லைம்மா."

வேறு வழியில்லாமல் கறாரைப் பார்த்து அவகாசம் கேட்டாள். தாமதமாக வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்புகிற மனிதர் அவர். திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவசரமே இல்லைம்மா," என்றார் கறார் கனிவாக. "வயசானவர். நிதானமாத் தேடட்டும். நல்லாச் சாப்பிடுறாரா?"

இவ்வளவு தங்கமான மனிதருக்குப் போய் இப்படிப் பெயர் வைத்துவிட்டார்களே என்று பாப்பாவுக்கு வெட்கமாகப் போயிற்று.

கடைசியில் பெரியவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, தானே மூன்று பெட்டிகளையும் கொட்டிக் கவிழ்த்துத் தேடினாள். பாதியில் பெரியவர் ஈரத்தலையோடு வந்து நின்றார்.

"ஐயையோ! வருஷ வாரியா பிரிச்சு வச்சிருந்தேனே! எல்லாத்தையும் கலைச்சிட்டியே! இனிமே மறுபடியும் முதல்லேருந்துதான்!"

அப்பா மட்டும் கைதட்டாத குறையாகச் சிரித்தார். அம்மா அலமாரியைத் திறந்து புடவைகளை எடுத்துப் பையில் அடுக்கினாள்.

"சாயங்காலத்துக்குள்ள அந்தப் பெட்டிங்க கிளம்பணும். இல்லேன்னா இந்தப் பை கிளம்பும்."

பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பட்டமா, அம்மாவா? கறாரின் வீட்டு விலாசத்தை விசாரித்துக்கொண்டு நேரே போய்க் கதவைத் தட்டினாள். அவர் மனைவி திறந்தார். உள்ளே கறார் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பாப்பாவைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட எழுந்தார்.

"என்னம்மா? கட்டுரை கிடைச்சிடுச்சா?"

"கிடைக்கலைங்க ஐயா."

"அப்பாடா!" என்று சொல்லிவிட்டு, "அடடா," என்று திருத்திக்கொண்டார்.

பாப்பா உடைந்துவிட்டாள். "ஐயா, அந்த ஒண்ணை மட்டும் விட்டுடுங்க. பெரியவர் பெட்டியோட எங்க வீட்லயே தங்கிட்டாரு. எங்கம்மா வீட்டை விட்டே கிளம்புறாங்க. நான் உழைச்சதெல்லாம் பொய்யில்லை ஐயா. ஒரு கையெழுத்து போடுங்க, போதும்."

கறார் பாட்டை நிறுத்தினார். அவர் மனைவிதான் தண்ணீரைக் கொண்டுவந்து பாப்பாவின் கையில் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டார்.

"அழாதம்மா, உன் சர்டிபிகேட் எப்பவோ தயார். போன வருஷம் வந்த பையன்தான் எங்கப்பாவை ரெண்டு நாள்கூட வச்சுக்காம திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டான். அவனுக்குத்தான் இவர் கையெழுத்தே போடல."